இரண்டாம் கியரில் ஒரு மலை

எங்கள் அக்காவிடம் அடக்கம் என்பது மருந்துக்கும் கிடையாது. யாராவது எஞ்சினைக் கொண்டுவந்து இறக்கிவிட்டு, ஏதோ பார்த்துச் செய்யுங்கள் என்று இழுத்தால், ஏதோ பார்த்துச் செய்கிறவர்கள் அடுத்த தெருவில் இருக்கிறார்கள், அங்கே போங்கள் என்று சொல்லிவிடுவாள். வந்தவர் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும். நான் இதைக் குறையாகச் சொல்லவில்லை. வேலை தெரிந்தவள் எதற்காகக் கூழைக் கும்பிடு போட வேண்டும்? டயர் விற்கிற நானே எவனுக்கும் போடுவதில்லை.

வீட்டுக்குப் பின்னால் கார் நிறுத்துவதற்கென்று கட்டிய கொட்டகைதான் அவளுடைய பட்டறை. தகரம் அடித்த நீள மேஜை, இரண்டு ஜன்னல், தலைகீழாக மாட்டி வைத்த எஞ்சின்கள், அவற்றின் மேல் துவைத்து மடித்த பழைய போர்வைகள். சமையலறையில் ஒரு டம்ளர் காணாமல் போனால் அக்கா திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். பட்டறையில் ஒரு வாஷர் இடம் மாறியிருந்தால் வீடு இரண்டாகிவிடும். நீளமான ஸ்க்ரூடிரைவர் ஒன்று வைத்திருக்கிறாள். ஓடுகிற எஞ்சின் மேல் அதன் முனையை வைத்து, கைப்பிடியைக் காதோடு ஒட்டி, உள்ளே எது தட்டுகிறது, எது உரசுகிறது என்று கேட்பாள். அதனால் பழைய கார் வைத்திருப்பவர்களின் சங்கத்தில் அவளுக்கு டாக்டரம்மா என்று பெயர். அந்தச் சங்கத்தில் நிஜமாகவே ஒரு பல் டாக்டர் இருக்கிறார். அவரும் அப்படித்தான் கூப்பிடுகிறார்.

பள்ளிக்கூடம் முடித்ததும் அக்கா ஃபிட்டர் படித்தாள். பிறகு பஸ் டிப்போவில் எஞ்சின் பிரிவில் வேலை. மாமாவை அங்கேதான் பிடித்தாள். பிடித்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். மாமா டவுன் பஸ் டிரைவர். ஒருநாள் பஸ்ஸைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, மேட்டில் இழுவையே இல்லை, எஞ்சினை இறக்குங்கள் என்று சத்தம் போட்டிருக்கிறார். கியரை நேரத்துக்குக் குறைக்கத் தெரியாமல் எஞ்சினைக் குறை சொல்லக் கூடாது, ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று அத்தனை பேர் முன்னாலும் அக்கா சொல்லியிருக்கிறாள். மாமாவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. ஏறு வண்டியில் என்று அவளை ஏற்றிக்கொண்டு அந்த மேட்டுக்கே போனார். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். டீசல் ஃபில்டரில் அடைப்பும் இருந்தது, மாமா கியரைத் தாமதமாகத்தான் குறைக்கவும் செய்தார். ஆளுக்குப் பாதி ஜெயித்தார்கள். அந்த வருஷமே கல்யாணமும் நடந்தது.

அன்றைக்குப் பிடித்த பழக்கம் அவளை விடவில்லை. சொந்தப் பட்டறை வைத்த பிறகும், யார் வண்டியைக் கொண்டுவந்தாலும் ஸ்பேனரைத் தொடுவதற்கு முன், நீங்கள் வழக்கமாக எங்கே ஓட்டுவீர்களோ அங்கே என்னைக் கூட்டிப்போங்கள் என்பாள். பக்கத்து சீட்டில் கண்ணை மூடி உட்கார்ந்து வருவாள். ஒருவர் அவளைத் தன் மாமியார் வீட்டுக்கே கூட்டிப்போய்விட்டார். அந்த வண்டி வேறெங்கும் போவதில்லையாம். அக்கா காபி குடித்துவிட்டு வந்து, அந்த எஞ்சினுக்குப் புதிதாக ஒன்றுமே செய்ய வேண்டாம் என்று திருப்பி அனுப்பினாள்.

இப்போது மாமாவின் காருக்கு வருகிறேன். எங்கள் யாரையும்விட வயதில் மூத்த கார் அது. மாமா அதைக் கண்டுபிடித்தபோது பின் சீட்டில் கோழி முட்டையிட்டுக்கொண்டிருந்தது. கிடைக்கிற ஞாயிற்றுக்கிழமையெல்லாம் இரண்டு பேரும் அதோடு மல்லுக்கட்டினார்கள். சிலிண்டரைக் குடைந்து பெரிதாக்கி, வால்வுகளை மாற்றி, ஒன்றுக்கு இரண்டாகக் கார்பரேட்டர் வைத்து அக்கா அந்த எஞ்சினை வேறு எஞ்சினாகவே ஆக்கிவிட்டாள். ஆனால் ஓட்டுவது மாமா மட்டும்தான். டிரைவர் சீட் முன்னும் பின்னும் நகர்கிற தண்டவாளம் துருப்பிடித்து, சீட் மாமாவின் நீளக் காலுக்கு ஏற்ற இடத்தில் இறுகிப்போயிருந்தது. ஒருமுறை வண்டியைக் கொஞ்சம் நகர்த்தி வைக்கலாம் என்று நான் ஏறினேன். பெடல் எட்டவில்லை. சுத்தியலால் தட்டிப் பார்த்தேன், சீட் அசைவேனா என்றது. விடு மாப்ளே, அது எனக்குன்னே அமைஞ்ச இடம் என்று மாமா சிரித்தார். என்னைவிடக் குள்ளமான அக்காவுக்கு எப்படி எட்டும்? அவள் கட்டிய எஞ்சினை அவள் ஒருநாளும் சாலையில் ஓட்டியதில்லை.

போன வருஷம் டிப்போவில் மாமாவை பஸ்ஸிலிருந்து இறக்கி, வண்டி கிளம்புகிற நேரத்தைக் குறிக்கிற நாற்காலியில் உட்கார வைத்தார்கள். வீட்டில் வந்து பதவி உயர்வு என்றார். நாங்களும் ஆஹா என்றோம். கூட்ட நெரிசலில் டவுன் பஸ் ஓட்டுகிறவர் ஒரு நாளைக்கு எத்தனை தடவை கிளட்ச்சை மிதிக்கிறார் என்று பஸ் ஓட்டியவர்களைக் கேட்டுப் பாருங்கள். கால் நூற்றாண்டு மிதித்ததில் அவருடைய இடது முட்டி தேய்ந்துவிட்டது. மாடிப்படி இறங்கும்போது ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்துத்தான் இறங்குவார். கேட்டால் செருப்பு வழுக்குகிறது என்பார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற கதைதான். ஆனால் வாயைத் திறந்து வலிக்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை.

அவருக்கென்று மிச்சமிருந்த ஸ்டீயரிங் அந்தக் கார் ஒன்றுதான். அதற்கும் ஆபத்து வந்தது. சங்கத்தார் வருஷா வருஷம் ஊருக்கு வெளியே மலைச்சாலையில் ஒரு போட்டி வைப்பார்கள். ஒவ்வொரு வண்டியாக அடிவாரத்திலிருந்து உச்சிக்கு ஏற வேண்டும். வழியில் இரண்டு கொண்டை ஊசி வளைவு. போன வருஷம் இரண்டாவது வளைவில் மாமாவின் வண்டி நின்று, பின்னால் உருண்டு, மணல் மூட்டையில் போய் இடித்தது. கியர்பாக்ஸ் கோளாறு என்றார் மாமா. சங்கச் செயலாளர் நல்ல மனிதர், பக்குவமாகத்தான் சொன்னார்: அடுத்த தடவையும் இப்படி ஆனால் விட முடியாது, உங்கள் மச்சானை ஓட்டச் சொல்லுங்கள், நீங்கள் கூட வந்து உட்காருங்கள். எனக்கு டயர் மாட்டத்தான் தெரியும், மலையேறத் தெரியாது என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன். மாமா வீடு வந்து சேரும்வரை சாலையை விட்டுக் கண்ணை எடுக்காமல் ஓட்டிக்கொண்டு வந்தார். இந்த வருஷமும் வளைவில் நின்றால் அத்தோடு சரி என்று அவருக்குத் தெரிந்திருந்தது. எங்களுக்கும் தெரிந்திருந்தது.

எஞ்சினில் இன்னும் மாற்றாமல் இருந்தது கேம்ஷாஃப்ட் ஒன்றுதான். சுருக்கமாகக் கேம் என்பார்கள். அது உள்ளே சுற்றுகிற ஒரு தண்டு. அதில் முட்டை மாதிரி மேடுகள் இருக்கும். மேடு வந்து இடிக்கும்போது வால்வு திறக்கும், மேடு கடந்ததும் மூடும். மேடு எவ்வளவு உயரம், எவ்வளவு அகலம் என்பதை வைத்துத்தான் எஞ்சினின் குணமே அமையும். இதில் பழைய கார்க்காரர்கள் எல்லாருக்கும் பொதுவாக ஒரு வியாதி உண்டு. தேவைக்கு மேல் ஒரு சைஸ் பெரிய கேமைத்தான் வாங்குவார்கள். பந்தயக் கார்கள் உச்ச வேகத்தில் அலறுகிற அலறல் காதிலேயே இருக்கும். சிக்னலில் நிற்கும்போது வண்டி குதிகுதி என்று குதித்தால் அதில் ஒரு பெருமை.

மாமாவுக்கும் அந்த வியாதி வந்தது. அக்காவைக் கேட்காமல் ஒரு பெரிய கேமை வரவழைத்து, எண்ணெய்க் காகிதத்தில் சுற்றியபடி மேஜை மேல் கொண்டுவந்து வைத்தார். அக்கா ஏற்கெனவே வேறொன்று முடிவு செய்திருந்தாள். வண்டியின் பழைய கேமையே தன் கணக்குப்படி சாணை பிடிக்கக் கொடுத்து வாங்கி வைத்திருந்தாள். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. பெரியதைப் பார்த்ததும் எனக்கே கை பரபரத்தது. போட்டி என்றால் போட்டி, இதையே மாட்டு என்று நானும் சேர்ந்துகொண்டு கத்தினேன். எதிர்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

அக்கா மாமாவிடம் அவருடைய பாஷையிலேயே பேசினாள்.

"கூட்டம் முண்டியடிக்கறப்ப கதவைக் கொஞ்சம் லேட்டா மூடினா, இன்னும் நாலு பேர் ஏறுவாங்க. கூட்டமே இல்லாதப்ப லேட்டா மூடினா, ஏறினவங்களும் இறங்கிப் போயிடுவாங்க. உங்க கேம் லேட்டா மூடுற கதவு. வேகமா சுத்தறப்ப நல்லா இழுக்கும். வளைவுல வேகம் இறங்கினா எஞ்சின் தூங்கிடும்."

"தூங்கினா ஃபர்ஸ்ட் கியர் போட்டு எழுப்பறேன்" என்றார் மாமா.

"போடலாம்" என்று மட்டும் அக்கா சொன்னாள்.

அந்தக் காரின் முதல் கியர் சாமானியத்தில் விழாது. அந்தக் காலத்து கியர்பாக்ஸ். ஓடும்போது இரண்டாவதிலிருந்து முதலாவதுக்கு இறக்க வேண்டுமென்றால் கிளட்ச்சை ஒரு தடவை மிதித்து கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, கிளட்ச்சை விட்டு, எஞ்சினை உறுமவிட்டு, மறுபடி மிதித்துத் தள்ள வேண்டும். வளைவுக்கு இரண்டு மிதி. அதுவும் மலையில், கண்ணிமைக்கிற நேரத்தில். அக்கா முட்டியைப் பற்றி வாயே திறக்கவில்லை. கேமைப் பற்றி மட்டும் பேசினாள். தன்னுடையதில் கதவு சீக்கிரம் மூடும், ஆனால் திறக்கும்போது நன்றாக அகலமாகத் திறக்கும், கீழ் வேகத்திலேயே இழுக்கும் என்றாள். உச்ச வேகத்தில் உங்களுடையதுதான் ஜெயிக்கும் என்று அதையும் மறைக்காமல் சொன்னாள்.

மாமா பிடித்த முயலுக்கு மூன்றே கால். கடைசியில் அக்கா கையைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "உங்க வண்டி, உங்க இஷ்டம். ஆனா எல்லாருக்கும் என்ன சட்டமோ அதுதான் உங்களுக்கும். ஒரு தடவை என்னை அந்த மலைக்குக் கூட்டிட்டுப் போங்க. திரும்பி வந்து எதைச் சொல்றீங்களோ அதை மாட்டறேன்."

ஞாயிற்றுக்கிழமை காலையில் போனோம். வண்டியில் முதலிலிருந்தே இருந்த கேமைப் போலவே இன்னொன்றைத் தற்காலிகமாக மாட்டியிருந்தாள். மாமா ஸ்டீயரிங்கில், அக்கா பக்கத்தில் கண்ணை மூடியபடி, நான் கோழி முட்டையிட்ட சீட்டில். முதல் வளைவில் மாமா முதல் கியருக்கு இறக்கினார். எஞ்சின் சத்தம் அறுந்து, ஒரு கணம் ஒன்றுமில்லாமல் இருந்து, பிறகு தொடர்ந்தது. இரண்டாவது வளைவில் மறுபடியும் அறுந்தது. இந்தத் தடவை இடது கால் மேலே வர மறுத்தது. மாமா கியரை விட்டுவிட்டு, அந்தக் கையால் பேண்ட்டின் முட்டித் துணியைப் பிடித்துக் காலைத் தூக்கி கிளட்ச் மேல் வைத்தார். கழுத்தில் வேர்வை வழிந்தது. வண்டி கிட்டத்தட்ட நின்றே போய்விட்டது. நான் பின்னாலிருந்து எல்லாவற்றையும் பார்த்தேன். படியிறங்குகிற வலி என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். இவ்வளவு என்று நினைக்கவில்லை.

அக்கா கண்ணைத் திறக்கவேயில்லை. உச்சியில் வண்டி நின்ற பிறகும் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள். பிறகு காற்று நன்றாக இருக்கிறது என்றாள்.

பட்டறைக்குத் திரும்பியதும் மாமா மேஜைக்குப் போனார். பெரிய கேமைக் கையில் எடுத்து, ஒரு மேட்டைக் கட்டைவிரலால் தடவினார். ஆசைப்பட்டு வாங்கிய சாமான். நல்ல சாமானும்தான். அதைத் திரும்பக் காகிதத்தில் சுற்றினார்.

"உன்னோடதையே மாட்டு" என்றார். "பெட்ரோல் மிச்சமாகும்."

பந்தயக் காருக்குப் பெட்ரோல் மிச்சமாம்! என் வாய் சும்மா இருக்குமா, திறந்துவிட்டது. அக்கா என் காலை நறுக்கென்று மிதித்தாள்.

"ஆமாங்க" என்றாள் மாமாவிடம், முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு. "பெட்ரோல் விக்கிற விலைக்கு அதுவும் சரிதான்."

இதற்காகவே எங்கள் அக்காவைக் கோயில் கட்டிக் கும்பிடலாம். ஊரில் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் மூஞ்சிக்கு நேரே பேசுகிறவள். அன்றைக்கு மட்டும் ஒரு மனிதன் சொன்ன பொய்யை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

பெரிய கேமை மாமா பல் டாக்டருக்குக் கொடுத்துவிட்டார். அவருடையதும் அதே எஞ்சின். அக்கா அவரோடும் ஒரு தடவை மலைக்குப் போய்வந்து, நாள் தவறாமல் பந்து விளையாடுகிற கால் இது, இந்தக் கேமைத் தாங்கும் என்று சொல்லி மாட்டிக்கொடுத்தாள். விரலுக்குத் தகுந்த வீக்கம் என்பதை அவள் எஞ்சினுக்குச் சொல்வதில்லை, ஆளுக்குத்தான் சொல்கிறாள்.

மாமாவின் எஞ்சினுக்கு அவள் செய்த வேலையைப் பார்க்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும். குழந்தைகள் விளையாடுகிற களிமண்ணைப் பிஸ்டன் தலையில் அப்பி, கையால் எஞ்சினைச் சுற்றிப் பார்த்து, பிறகு பிரித்து அந்தக் களிமண்ணைக் கத்தியால் வெட்டினாள். புது மேடு வால்வை அதிகம் தள்ளும் அல்லவா, பிஸ்டனில் இடிக்குமா என்று தெரிய வேண்டும். இடிக்காது என்று களிமண்ணின் கனம் சொன்னது. தண்டை மாட்டும்போது நேராக வைக்காமல் நான்கு டிகிரி முன்னால் தள்ளி வைத்தாள். அப்படி வைத்தால் கீழ் வேகத்தில் இன்னும் கொஞ்சம் இழுவை கிடைக்குமாம். புதுக் கேமை முதல் தடவை ஓட்டும்போது மெதுவாக ஓட விடக்கூடாது, மேடு தேய்ந்துவிடும். அதனால் ஒரு முற்பகல் பூராவும் கொட்டகையே அதிர்ந்தது. எதிர்வீட்டுக்காரர் சண்டைக்கு வந்தார். சண்டைக்கு நான் போதும் என்று அவரை வாசலிலேயே நிறுத்தி வைத்தேன்.

போட்டி நாளில் அக்காவும் நானும் இரண்டாவது வளைவின் மேல் சுவரோரம் போய் நின்றோம். பல் டாக்டர் முன்னாலேயே ஏறிவிட்டார். வளைவில் பட்டென்று முதல் கியரைப் போட்டு, அலறிக்கொண்டு போனார். கூட்டம் கை தட்டியது. அதுவும் அக்காவின் எஞ்சின்தான். அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

பிறகு மாமாவின் வண்டி கீழே கிளம்புகிற சத்தம் கேட்டது. அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். முதல் வளைவு எங்கள் கண்ணுக்குத் தெரியாது, சத்தம்தான் கேட்கும். சத்தம் இறங்கியது, அறுபடாமல் ஏறியது. எனக்கு நம்பிக்கை வரவில்லை. போன வருஷம் மாட்டிக்கொண்டது இந்த இரண்டாவதில்தான். வண்டி மரங்களுக்கு நடுவிலிருந்து வெளியே வந்தது. வளைவுக்குள் நுழையும்போது வேகம் செத்து, சத்தம் அடித்தொண்டைக்குப் போய்விட்டது. மணல் மூட்டையின் மேல் என் கண் போனது. அக்காவின் கை என் மணிக்கட்டைப் பிடித்து நெரித்தது. இரண்டாம் கியரிலேயே அந்த எஞ்சின் கம்மிய குரலில் இழுத்தது, இழுத்தது, பிறகு குரல் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து மேலே ஏறியது. நடுவில் ஒரு இடத்திலும் அறுபடவில்லை. மாமா எங்களைத் தாண்டும்போது பார்த்தேன். இரண்டு கையும் ஸ்டீயரிங்கில் இருந்தன. பேண்ட் துணியில் இல்லை.

குறுக்குப் பாதையில் மூச்சு வாங்க உச்சிக்கு ஏறிப் போனோம். பல் டாக்டர்தான் முதல். மாமா நடுவில் எங்கோ வந்திருந்தார். செயலாளர் வந்து மாமாவின் தோளைத் தட்டிவிட்டு, அடுத்த வருஷமும் வரணும் என்று சொல்லிப் போனார். டாக்டரம்மா டாக்டரம்மா என்று நான்கு பேர் அக்காவைச் சூழ்ந்துகொண்டார்கள். அவர்களை விலக்கிக்கொண்டு அவள் காருக்குப் போனாள். மாமா இன்னும் இறங்கவில்லை. கதவைத் திறந்து வைத்து உட்கார்ந்திருந்தார்.

"வளைவுல கிளட்ச்சைத் தொடவே இல்ல" என்றார்.

"கேட்டுச்சு" என்றாள் அக்கா.

மாமா சாவியை அவளிடம் நீட்டினார். "முட்டி வலிக்குதும்மா. ரொம்ப நாளாவே வலிக்குது. இறக்கத்துக்கு நீ ஓட்டு."

எனக்கு எதையாவது பேச வேண்டும் போலிருந்தது. அந்த சீட் நகராதே அக்கா, சுத்தியல் வாங்கிட்டு வரேன் என்றேன். மாமா கதவைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கினார். அக்கா உட்கார்ந்து, சீட்டுக்கு அடியில் கையை விட்டு ஒரு இழு இழுத்தாள். சத்தமே இல்லாமல் சீட் முன்னால் வந்து, அவள் கால் பெடலுக்கு எட்டுகிற இடத்தில் நின்றது. தண்டவாளத்தில் துரு ஒரு பொட்டு இல்லை. புதுக் கிரீஸ் தடவியிருந்தது.

மாமா அந்தத் தண்டவாளத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு பானெட்டில் ஒரு கையை ஊன்றியபடி சுற்றி வந்து, பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, கதவைச் சாத்திக் கண்ணை மூடிக்கொண்டார்.